ஒளி அறையா, உடனிருக்கும் ஆளா?

‘ஸ்னூசலன்’ என்னும் சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மோப்பம் பிடித்தல், கண்ணயர்தல் என்று பொருள்படும் இரு டச்சுச் சொற்களை ஒட்டிச் செய்த புதுச்சொல் அது. நெதர்லாந்தின் ஏடே நகரில் அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கான டி ஹார்ட்டென்பெர்க் காப்பகத்தில் பணியாற்றிய யான் ஹுல்செகெ, அட் வெர்ஹூல் ஆகிய இருவரும் 1970களின் இறுதியில் இம்முறையைப் பரப்பினர். பேச்சும் பாடமும் எட்டாத ஒருவரை ஒளி, ஒலி, மணம், தொடுகை ஆகியவற்றின் வழியே அணுகலாம் என்பது அவர்கள் எண்ணம். இது சிகிச்சையன்று, ஓய்வே என்றும், எதை நாடுவது, எப்போது வெளியேறுவது என்பதை உள்ளே வருபவரே முடிவு செய்ய வேண்டும் என்றும் அவர்கள் வலியுறுத்தினர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த குழப்பம் யாவும் இதை மறந்ததால் வந்ததே.

அறையில் இருப்பவை எளிய பௌதிகக் கருவிகள்தாம். ஆளுயர அக்ரிலிக் குழாயில் நீர். அடியிலிருந்து காற்றுப் பம்பு குமிழிகளை அனுப்ப, நிறம் மாறும் விளக்கு அவற்றை ஒளிரச் செய்கிறது. மற்றொரு மூலையில் ஒளி இழைக் கற்றை. முழு அகப் பிரதிபலிப்பால் ஒளி இழைக்குள்ளேயே பயணம் செய்து நுனியில் வெளிப்படுகிறது. விளக்கு தொலைவில் இருப்பதால் இழை சுடுவதில்லை. மடியில் அள்ளி வைத்துக்கொண்டு கையால் அளையலாம். மெல்லிசை, நறுமணம், அதிரும் நாற்காலி ஆகியவையும் உண்டு.

இந்த அறை முதியோர் இல்லங்களுக்குள், டிமென்ஷியா என்னும் அறிவுத் தேய்வு நோயாளரிடம் எப்படி வந்தது? 1950களில் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்டு ஹெப்பின் குழுவினர், மாணவர்களின் கண்களை மங்கல் கண்ணாடியாலும் கைகளை உறைகளாலும் மறைத்துப் படுக்க வைத்தனர். புலன்களுக்கு வேலை இல்லாது போகவே, நல்ல உடல்நலம் உள்ள அந்த இளைஞர்கள் இல்லாத காட்சிகளைக் கண்டனர். அப்படியானால் நாள் முழுவதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நோயாளியின் அலைபாய்தலிலும் கூச்சலிலும் ஒரு பகுதி, நோயால் அன்றி வெறுமையால் விளைவதாக இருக்கலாமல்லவா? நியாயமான கேள்விதான்.

இக்கேள்விக்கு விடை காண்பது அவசரமும்கூட. இத்தகைய நோயாளரை அடக்க மனநோய் மருந்துகள் தரப்படுவது வழக்கம். அம்மருந்து பெற்ற முதிய டிமென்ஷியா நோயாளரிடையே இறப்பு, வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட ஏறத்தாழ 1.6 முதல் 1.7 மடங்கு இருந்ததாக 2005இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. மருந்தின்றி அமைதி தரும் வழி ஒன்று உண்மையிலேயே உண்டெனில் அது உயிர் காக்கும் செய்தி. ஆகவேதான் அதன் சான்றைக் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2003இல் வெளியான ஆய்வு ஒன்றில் பிரிட்டன், நெதர்லாந்து, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளின் 136 நோயாளர் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் புலன் அறைக்குச் சென்றனர். மற்றவர்களுடன் ஊழியர் சீட்டாடினர், புகைப்படம் பார்த்தனர், வினாவிடை நடத்தினர். நான்கு வாரங்களில் அரை மணி வீதம் எட்டு அமர்வுகள். முடிவு என்ன தெரியுமா? இரு பிரிவினரிடமும் சிறிது முன்னேற்றம்; இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை!

அறை தோற்றுவிட்டது என்று சிலர் இதைப் படித்தனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரு பிரிவுக்கும் பொதுவாக இருந்தது எது? அரை மணி நேரம் ஒரே ஒருவரிடம் மட்டும் கவனம் செலுத்திய ஓர் ஊழியர். சீட்டுக் கட்டின் விலையையும் குமிழிக் குழாயின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

2005இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு இன்னும் தெளிவு தருகிறது. ஆறு இல்லங்களின் 12 பிரிவுகளில், 18 மாதங்கள் நடந்த ஆய்வு அது. அங்கே அறைக்கு முதலிடம் இல்லை. பராமரிப்பவர்களுக்குப் பயிற்சி தந்து, இவருக்கு எந்தப் பாட்டு, எந்த மணம், எந்தத் துணியின் தொடுகை பிடிக்கும் என்று குடும்பத்தாரிடம் கேட்டறியச் செய்து, காலையில் குளிப்பாட்டி உடை மாற்றும் வேளையிலேயே அவற்றைப் பயன்படுத்தினர். சோர்ந்து கிடத்தல், முரண்டு, தாக்குதல், மனத்தளர்ச்சி ஆகியவை குறைந்தன. ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: யார் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பதை மாத்திரை ஆய்வில்போல் ஊழியரிடமிருந்து மறைக்க இயலாது. நம்பிக்கை மதிப்பெண்ணைச் சற்று உயர்த்தியிருக்கலாம்.

இதற்குப் பிறகும் பல இல்லங்கள் பயிற்சியை விட்டுக் கருவிகளையே நாடுகின்றன. கருவிக்கு விலைப்பட்டியல் உண்டு, திறப்பு விழா உண்டு, பார்வையாளருக்குக் காட்டலாம். காலை வேளையில் கூடுதலாக ஓர் ஆளைச் சம்பளத்துக்கு அமர்த்துவதைப் படம் எடுத்துப் போட முடியாதே!

கருவிகள் எல்லாருக்கும் தீங்கற்றவை என்பதும் தவறு. 60 வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதினருக்கு எட்டுவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அவரை மங்கலான அறைக்குள் நடக்கவிட்டால் இடறி விழுவார். கரும் விரிப்பு அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியலாம். லூவி உருண்டை வகை டிமென்ஷியாவில் இல்லாத உருவங்கள் தெரிவது நோயின் இயல்பு. சுவரில் நெளியும் நிழல்கள் அத்தகையோருக்கு அச்சமூட்டலாம். அல்ஸைமர் நோயிலோ மோப்ப உணர்வு தொடக்கத்திலேயே மங்கிவிடுவதுண்டு. அவருக்காக ஏற்றிய நறுமணத்தை நுகர்பவர் பெரும்பாலும் ஊழியரே.

உங்கள் உறவினரை வைத்திருக்கும் இல்லம் இப்படி ஓர் அறையைக் காட்டினால், குழாய் எத்தனை நிறம் மாறும் என்று கேட்காதீர்கள். அறைக்குள் அவருடன் யார் உட்காருவார், எவ்வளவு நேரம், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் உடனே வெளியே அழைத்து வருவாரா என்று கேளுங்கள்.