கடிகாரம் எங்கே ஆரம்பிக்கிறது?

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். புத்தகத்துக்கு எழுதுகிறோம். புதிதாகத் திறந்த பிரியாணிக் கடைக்குக்கூட எழுதுகிறோம். இந்த வாரம் நான் விமர்சிக்கப்போவது ஒரு காகிதத்தை. இரண்டே பக்கம். எழுதியவர் பெயர் கிடையாது, விலையும் கிடையாது. ஆனால் படித்துப் புரிந்துகொள்ளாவிட்டால் அபராதம் உண்டு. ஒரு முழு விமான டிக்கெட்.

கொரோனா காலத்தில் வெளிநாடு போகிறவர்கள் கிளம்பும் முன் என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சொன்ன காகிதம்தான் அது. நான் அதை முதன்முதலில் ஒழுங்காகப் படித்தது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு டிராவல்ஸ் கடையின் கண்ணாடிக் கதவில். 2021 செப்டம்பர். ஆங்கிலத்தில் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு தம்பி, உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அண்ணே, இதுல எந்த இடத்துலண்ணே சாம்பிள் எடுத்த நேரம்னு போட்டிருக்கு?”

தேடினேன். இரண்டு தடவை தேடினேன். 48 மணி நேரம் என்று இருந்தது. எதிலிருந்து 48 என்று அந்தத் தாளில் இல்லை.

தம்பிக்குக் கல்வராயன் மலை. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். துபாயில் கட்டட வேலை. லீவில் வந்தவர் விமானம் நின்றுபோனதில் மாட்டிக்கொண்டார். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அமீரகம் 2021 ஏப்ரல் கடைசியில் கதவைச் சாத்தியது. ஆகஸ்டில் விசா உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருந்தால் அங்கே குடியிருப்பு விசா செல்லாமல் போகும் என்பது பொது விதி. கொரோனா காலத்தில் சலுகை தந்தார்கள். அந்தச் சலுகைக்கும் ஒரு தேதி இருந்தது.

ஞாயிறு இரவு 9.45-க்குச் சென்னையில் விமானம். வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்குக் கள்ளக்குறிச்சியில் மூக்கில் குச்சி விட்டார்கள். சனி சாயந்திரம் ஆறு மணிக்கு ரிப்போர்ட் வந்தது. நெகட்டிவ். தம்பி கணக்குப் போட்டார். சனி சாயந்திரத்திலிருந்து 48 மணி என்றால் திங்கள் சாயந்திரம் வரை செல்லும். ராத்திரி பஸ் பிடித்து, ஞாயிறு மத்தியானமே மீனம்பாக்கம் போய்விட்டார். கவுண்ட்டரில் ஒரு பெண் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பேனாவால் ஒரு வரியைச் சுட்டிக் காட்டினாராம். சாம்பிள் எடுத்தது வெள்ளி காலை 9 மணி. “டைம் முடிஞ்சிடுச்சு சார்.”

டிக்கெட் போச்சு. அக்காவின் தோட்டை அடகு வைத்து எடுத்த டிக்கெட்.

நான் பி.காம். படித்தவன். இந்த விஷயம் எங்களுக்கு முதல் வருஷமே சொல்லித்தருகிற பாடம். ஒருவர் உங்களுக்கு செக் தருகிறார். அது மூன்று மாதம் செல்லும் (2012 ஏப்ரல் வரை ஆறு மாதம்). எந்த நாளிலிருந்து? செக் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை. அதில் எழுதியிருக்கும் தேதியிலிருந்து. தபாலில் அது எத்தனை நாள் தூங்கியது என்பது பாங்குக்குத் தேவையில்லாத விஷயம். கொரோனா ரிப்போர்ட்டும் அப்படித்தான். குச்சி மூக்குக்குள் போன நிமிஷம்தான் செக் தேதி. துபாய் விதி இதைத் தெளிவாகவே சொன்னது: 48 மணி நேரத்தை சாம்பிள் எடுத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். சுருக்கி பிரிண்ட் எடுத்தவர் கையில் அந்த ஒரு வரிதான் விழுந்துபோயிருக்கிறது. விழுவதற்கு வேறு வரியே கிடைக்கவில்லையா?

நம் அரசாங்கத்தின் காகிதம் மட்டும் என்ன ஒழுங்கு? 2021 பிப்ரவரி 22 முதல் வெளிநாட்டிலிருந்து இந்தியா வருகிறவர்கள் ‘ஏர் சுவிதா’ தளத்தில் நெகட்டிவ் ரிப்போர்ட்டை ஏற்ற வேண்டும் என்றார்கள். பயணம் மேற்கொள்வதற்கு முன் 72 மணி நேரத்துக்குள் எடுத்த டெஸ்ட். சரி, பயணம் எங்கே ஆரம்பிக்கிறது? அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து உள்ளூர் விமானம், அப்புறம் தோஹாவில் ஏழு மணி நேரக் காத்திருப்பு, அப்புறம் சென்னை. இதில் எந்த விமானம் ‘பயணம்’? அந்த ஒரு வாக்கியத்தைப் படித்தால் பதில் கிடைக்காது.

இதே விஷயத்தை ஒழுங்காக எழுத முடியாதா என்றால், முடியும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 ஜனவரி 26 முதல் ஒரு விதி கொண்டுவந்தது. அதில் 72 மணி என்று போடவில்லை. ‘மூன்று நாள்’ என்று போட்டார்கள். ஏன் நாள் என்றும் விளக்கினார்கள்: மணிக் கணக்கு என்றால், விமானம் தாமதமானாலே ரிப்போர்ட் செத்துப்போகும். நாள் கணக்கு என்றால், விமானம் வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பினாலும் செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு எடுத்த டெஸ்ட்டும் செல்லும். அதே டிசம்பரில் மூன்று நாளை ஒரு நாளாகக் குறைத்தபோதும் ‘நாள்’ என்ற வார்த்தையை விடவில்லை. ஒரே ஒரு வார்த்தை. எழுதியவர் ஏர்போர்ட் வரிசையில் நின்று வியர்த்தவராக இருக்க வேண்டும்.

மணிக் கணக்கு யாரை அடிக்கும் என்று பாருங்கள். வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு மலைப்பாதையும் சமவெளியுமாக. அங்கிருந்து சென்னை 250-க்கு மேல். கள்ளக்குறிச்சியில் அப்போது ரயிலும் கிடையாது. ரயில் வேண்டுமென்றால் சின்னசேலம் போக வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருப்பதையும் சேர்த்து வழிப்பயணத்துக்கு 12 மணி நேரம் வையுங்கள். ஏர்போர்ட்டிலேயே இன்னொரு ‘ரேப்பிட் பிசிஆர்’, விமானம் கிளம்புவதற்கு முந்தைய ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது துபாயின் அடுத்த நிபந்தனை. அதற்கு வரிசையில் நிற்க 8 மணி நேரம் முன்னால் போயாக வேண்டும். 48-ல் 20 போனால் 28. அதில் ரிப்போர்ட் வர 24. மிச்சம் நாலு மணி நேரம். அதற்குள் லேப் திறந்திருக்க வேண்டும், போனில் சிக்னல் இருக்க வேண்டும். கல்வராயன் மலையின் பல ஊர்களில் சிக்னல் தேடி மேட்டுக்குப் போவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் வருகிற கியூஆர் கோடு மேடு ஏறி வராது. நாம்தான் ஏற வேண்டும்.

தாம்பரத்துக்காரருக்கும் அதே 48. அவர் சனி சாயந்திரம் டெஸ்ட் கொடுத்துவிட்டு, ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ரிப்போர்ட்டோடு ஆட்டோ ஏறலாம்.

இந்த மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அரசாங்கக் காகிதம் இங்கே ஏறி வந்ததே தாமதமாகத்தான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிறந்தது 2019 நவம்பர் 26. குழந்தை குப்புற விழுவதற்குள், நாலே மாதத்தில் ஊரடங்கு. அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரி 12. துபாய், சிங்கப்பூர் அதிகாரிகள் விதி எழுதும்போது இதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இங்கே அதை எடுத்து ஒட்டுகிறவர்கள் யோசித்திருக்கலாம். தமிழில் நாலு வரி போதும்: விமான நேரத்திலிருந்து பின்னால் எண்ணு, குச்சி விட்ட நேரத்தோடு முடி.

அந்தக் கவுண்ட்டர் பெண்மேல் தம்பிக்குக் கோபம். எனக்கு இல்லை. அவர் டாக்டரும் இல்லை, நீதிபதியும் இல்லை. கம்ப்யூட்டரில் ‘டிமாட்டிக்’ என்று ஒரு தகவல் தளம். எந்த நாட்டுக்கு என்னென்ன காகிதம் என்று அதில் இருக்கும். விமான கம்பெனிகள் அதைப் பார்த்துத்தான் ஏற்றும். தப்பான காகிதத்தோடு ஆளை இறக்கினால், திருப்பிக் கொண்டுவரும் செலவு கம்பெனியின் தலையில்.

2020 செப்டம்பரில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானங்களை துபாய் 15 நாளுக்குத் தடை செய்தது. காரணம், ஆகஸ்ட் 28-லும் செப்டம்பர் 4-லும் ஆளுக்கொரு பயணியாக இரண்டு பேர் பாசிட்டிவ் ரிப்போர்ட்டோடு போய் இறங்கியிருந்தார்கள். மறைத்துக் கொண்டுபோகவில்லை. ரிப்போர்ட்டிலேயே பாசிட்டிவ் என்று இருந்தது. இங்கே யாரும் படிக்கவில்லை. தடை ஒரே நாளில் விலகியது, அது வேறு கதை. சூடு பட்ட பூனை அப்புறம் பாலைக்கூட ஊதித்தானே குடிக்கும்?

சரி, எதற்கு இந்த மணிக் கணக்கு? டெஸ்ட் என்பது ஒரு போட்டோ. எடுத்த நொடியில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதைத்தான் காட்டும். கிருமி உள்ளே போய் முதல் ஓரிரு நாள் ஆர்டி-பிசிஆரிலேயே தப்பிவிடலாம். நெகட்டிவ் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, லேப் வாசல் டீக்கடையிலேயே கூட ஒட்டிக்கொள்ளலாம். போட்டோ பழசாகப் பழசாக மதிப்புக் குறையும். ஆகவே கெடு வைத்தது நியாயம். கெடு 48-ஆ 72-ஆ 96-ஆ என்பதில்தான் ஆளுக்கொரு சாஸ்திரம்.

இதற்குத் தலைகீழான கொடுமையும் நடந்தது. கொரோனா வந்து, குணமாகி, எழுந்து நடமாடுகிறவருக்கும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பது செத்த கிருமியின் துணுக்கு. இயந்திரத்துக்கு உயிரும் பிணமும் ஒன்று. இதைப் புரிந்துகொண்டு, குணமானவர் டாக்டர் கடிதத்தோடு வரலாம் என்று அமெரிக்க விதியில் ஒரு வாசல் வைத்தார்கள். அந்த வாசல் இல்லாத நாட்டுக்குப் போக வேண்டியவர் திரும்பத் திரும்பப் பணம் கட்டி மூக்கை நீட்டியபடி இருக்க வேண்டியதுதான்.

சில நிபந்தனைகளில் மருத்துவமே கிடையாது. 2021 அக்டோபர் 4 முதல், இந்தியாவில் இரண்டு டோஸ் போட்டவர்களையும் போடாதவர்களாகவே நடத்துவோம் என்றது பிரிட்டன். சான்றிதழ் மேல் சந்தேகம். கோவின் சான்றிதழில் முழுப் பிறந்த தேதி இல்லை என்பது அந்தச் சண்டையில் ஒரு விவகாரம். அதே தேதியில் இந்தியாவும் பதிலுக்கு ஒரு விதி போட்டது: பிரிட்டிஷ்காரர்களுக்குக் கிளம்பும் முன் ஒரு டெஸ்ட், இறங்கியதும் ஒன்று, எட்டாம் நாள் ஒன்று, பத்து நாள் தனிமை. ஒரே வாரத்தில் பிரிட்டன் இறங்கி வந்தது. நம் விதியும் காணாமல் போனது. அந்தப் பத்து நாளில் பயணம் செய்தவர்கள் மூக்கு, இரண்டு அரசாங்கங்களின் கைகலப்பில் மாட்டிய மூக்கு.

பெயர் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் தமிழ்நாட்டுக்காரன் எழுதிய விமர்சனம் ஆகாது. ஆதாரில் முன்னால் ஒரு இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் அப்பா பெயராக விரிந்து, குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். லேப்பில் அவசரமாக டைப் அடிக்கிற பையன் நீங்கள் வாயால் சொன்ன பெயரை மட்டும் போடுவான். மூன்று காகிதத்தில் மூன்று ஆள்! டெஸ்ட் கொடுக்கப் போகும்போது ஆதாரைக் காட்டாதீர்கள், பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள், அதன் நம்பரையும் ரிப்போர்ட்டில் போடச் சொல்லுங்கள் என்று அந்த நாளில் யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் ஏர்போர்ட்டில் அழுதிருக்க மாட்டார்கள். நான் நேரில் பார்த்த அழுகைகள் உண்டு.

ஏர் சுவிதா 2022 நவம்பர் 22-ஓடு நின்றது. சீனா, ஜப்பான் உள்ளிட்ட ஆறு இடங்களிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் 2023 ஜனவரியில் திரும்ப வந்து, பிப்ரவரியில் போய்விட்டது. மே 5-ல் உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை விலக்கிக்கொண்டது. டிராவல்ஸ் கடைக் கதவில் இப்போது ஐயப்ப சீசன் வேன் விளம்பரம் ஒட்டியிருக்கிறது.

தம்பி மூன்று வாரம் கழித்து, சனி காலை குச்சி விட்டு, பஸ்ஸில் போகும்போதே உளுந்தூர்பேட்டையில் ரிப்போர்ட் வாங்கி, ஞாயிறு இரவே துபாய் போய்ச் சேர்ந்தார். தோடு திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆனதாம். போன மாதம் போன் செய்தார். தன் தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்கு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் அடங்கிய மெடிக்கல் உண்டு, கொரோனாவுக்கு ரொம்ப முன்னாலிருந்தே இருப்பது. ஆன்லைனில் ‘வாஃபித்’ என்று பெயர் மாறினாலும் நம் ஜனங்களுக்கு இன்றும் அது ‘காம்கா’தான். பழைய டி.பி. தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தால்கூட ‘அன்ஃபிட்’ என்று குத்திவிடுவார்கள். அந்தக் காகிதமும் ஒரு செக்தான், அதற்கும் காலாவதி உண்டு.

தம்பி நலம் விசாரிக்கவில்லை. எடுத்தவுடனே கேட்டார்.

“அண்ணே, இதுக்கு எந்தத் தேதியில இருந்துண்ணே கணக்கு?”

காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்கச் சொன்னேன். படிக்க ஆரம்பித்தார். மேட்டில் நின்றுகொண்டுதான் பேசினார் போலிருக்கிறது, காற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.