முதுகு தெரியும் பருந்து

நரிக்குடிப் பக்கம் மலை கிடையாது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக மானாமதுரைக்குப் போகும் ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் கரிசலும் சீமைக்கருவேலும் ஒற்றைப் பனைகளும்தான் ஓடிக்கொண்டிருக்கும். உயரமாக எதுவும் கண்ணில் பட்டால் அது கண்மாய்க் கரையாகத்தான் இருக்கும். வலசை போகும் வேட்டைப்பறவைகளை எண்ணுகிறவர்கள் உலகெங்கும் மலைமுகடுகளைத் தேடிப் போகிறார்கள். இங்கே அந்த வேலைக்குக் கண்மாய்க் கரைதான் முகடு. ஒரு விஷயத்தில் முகட்டைவிட இது உசத்தி என்றே சொல்வேன். இங்கிருந்து பருந்தின் முதுகைப் பார்க்கலாம்.

பருந்தை அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள் நாம். நமக்குத் தெரிந்ததெல்லாம் அதன் அடிவயிறும், வெளிச்சத்துக்கு எதிரே கறுத்துத் தெரியும் சிறகும்தான். பூனைப்பருந்து அப்படி எட்டாத உயரத்தில் வட்டமிட்டுக்கொண்டிருக்காது. அறுவடை முடிந்த சோளக்காட்டின் அடித்தட்டைக்கு மேலே, பிடுங்காமல் விட்ட பருத்திமாருக்கு மேலே, வற்றிய கண்மாயின் கோரைக்கு மேலே, முழங்கால் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும் அது பறந்து போகும். கரையில் நிற்பவருக்குக் கீழே போகிறது பறவை. அதன் முதுகில் மாலை வெயில் விழும். வாலின் அடியில் பட்டையாக ஓடும் வெள்ளை, அது திரும்புகிற ஒவ்வொரு முறையும் பளிச்சென்று தெரிந்து மறையும்.

புரட்டாசி, ஐப்பசியில் வந்து இறங்கி, மாசி, பங்குனியில் திரும்பிப் போகும் விருந்தாளிகள் இவை. கஜகஸ்தானிலும் தெற்கு ரஷ்யாவிலும் விரிந்து கிடக்கும் புல்வெளிகளில் தரையிலேயே கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குளிருக்குத் தப்பி இங்கே வருகின்றன. புல்லில் பிறந்து, புல்லில் இரை தேடி, இரவில் புல்லுக்குள்ளேயே தரையில் படுத்து உறங்குகிற பருந்து. மரம் அதற்குத் தேவையே இல்லை. மரமில்லாத காடு என்று நாம் சலித்துக்கொள்ளும் கரிசல்தான் அதற்குத் தோதான இடம்.

பறக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். நாலைந்து முறை நிதானமாகச் சிறகடிக்கும். பிறகு இரண்டு சிறகையும் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி மிதக்கும். காற்று ஒரு பக்கம் தள்ளினால் உடம்பு சாயும், உடனே மறுபக்கம் சாய்ந்து நேராகும். இந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்துப் புதியவர்கள் பறவைக்கு நோவு என்று நினைத்துவிடுவதுண்டு. தலை மட்டும் குனிந்தபடி அசையாமல் இருப்பதைக் கவனித்தால் விஷயம் புரிந்துவிடும். உடம்பு ஆடட்டும், பார்வை ஆடக்கூடாது. பார்வை மட்டுமல்ல, காதும்தான். ஆந்தைக்கு இருப்பதுபோல முகத்தைச் சுற்றி இறகு வட்டம் இதற்கும் உண்டு. தட்டைக்கு அடியில் எலி சரசரப்பதையும் வெட்டுக்கிளி தத்துவதையும் அந்த வட்டம் காதுக்குக் கொண்டு சேர்க்கிறது. தாழப் பறப்பதன் காரணம் அதுதான். சத்தம் கேட்டதும் நடக்கிற காரியம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்: முன்னோக்கிப் போன பறவை இருந்த இடத்திலேயே மடங்கிப் பின்பக்கமாக விழும். நீண்ட காலை முதலில் நீட்டும். எழும்பும்போது பெரும்பாலும் வெறுங்கால்தான்.

ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே இனம் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆண் சாம்பல்; பெண் பழுப்பு. சாம்பலிலும் இரண்டு வகை. வெண்சாம்பலாக, சிறகு நுனியில் மட்டும் ஆப்பு வடிவில் கறுப்புள்ளது வெளிர் பூனைப்பருந்து. சற்று அழுக்கான சாம்பலாக, சிறகின் நடுவே மைக்கோடு இழுத்ததுபோல் ஒரு கறுப்பு வரி ஓடினால் அது மாண்டேகு பூனைப்பருந்து. 1815இல் இறந்த ஜார்ஜ் மாண்டேகு என்ற ஆங்கிலேயரின் பெயரை அந்தப் பறவை இன்றும் சுமக்கிறது. அந்த ஒற்றை வரி சிறகின் மேற்புறத்தில் இருக்கிறது. அண்ணாந்து பார்ப்பவருக்கு அது கிடைக்காது. கரையில் நிற்பவருக்கோ அதுதான் முதலில் கண்ணில் படும். எனக்குப் பிடித்தது அந்த வரிதான். வெளிர் பூனைப்பருந்தின் சுத்தமான வெண்மையை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். கொஞ்சம் கறைபட்ட மாண்டேகு அழகில் ஒரு படி மேல் என்பது என் கட்சி.

பெண்கள் விஷயத்தில் கட்சி எதுவும் எடுபடாது. இரண்டு இனத்துப் பெண்களும் பழுப்பு, இரண்டுக்கும் வாலடியில் வெள்ளை. வெளிர் பூனைப்பருந்தின் பெண்ணுக்குக் கன்னத்தின் கருமைக்குப் பின்னால் வெளிர்நிறக் கழுத்துப்பட்டை ஒன்று உண்டு. அது தெரிய வேண்டுமென்றால் பறவை சரியான கோணத்தில் முகம் திருப்ப வேண்டும், அந்த நேரம் பார்த்து வெயிலும் இருக்க வேண்டும்.

மற்ற நாடுகளில் ஏன் முகடு? அகன்ற சிறகும் கனத்த உடம்பும் உள்ள கழுகுகள் தங்கள் பலத்தில் நெடுந்தூரம் சிறகடிக்க முடியாதவை. தரை சூடேறி மேலெழும் காற்றிலும், மலைச்சரிவில் மோதி மேலேறும் காற்றிலும் தொற்றிக்கொண்டு போகின்றன. அதனால் குறிப்பிட்ட மலைத்தொடர்களில் வந்து குவிகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் முகட்டை, பொழுதுபோக்குக்காகப் பருந்துகளைச் சுட்டுத்தள்ளிய கூட்டத்திடமிருந்து மீட்க 1934இல் ரோசலி எட்ஜ் குத்தகைக்கு எடுத்தார். எண்ணிக்கையும் அங்கே அந்த ஆண்டே தொடங்கியது. பூச்சிமருந்துகளைப் பற்றி ரேச்சல் கார்சன் 1962இல் எழுதியபோது, இளங்கழுகுகள் குறைந்ததைக் காட்ட அந்த முகட்டின் கணக்கும் அவருக்கு உதவியது. நம் நாட்டில் தரம்சாலாவுக்கு மேலே இமயச் சரிவை ஒட்டி ஸ்டெப்பி கழுகுகள் போவதை 2001 இலையுதிர் காலத்திலும் 2002 வசந்தத்திலும் யான் வில்லெம் டென் பெஸ்டன் எண்ணிப் பதிந்திருக்கிறார்.

பூனைப்பருந்துக்கு அந்தக் கட்டாயம் குறைவு. ஆண் மாண்டேகுவின் எடை சுமார் கால் கிலோ. சிறகு விரித்தால் ஒரு மீட்டர். இத்தனை சிறகுக்கு இவ்வளவுதான் கனம் என்றால், சிறகடித்தே போய்விடலாம். ஆகவே அது ஒரு வழியில் குவியாமல் நாடு முழுக்கப் பரவிப் போகிறது. முகட்டில் காத்திருப்பவருக்கு அது ஒன்றிரண்டாகத்தான் கிடைக்கும். அதை எண்ணுவதற்கு நம்பகமான நேரம் அந்திதான். பகலெல்லாம் தனித்தனியே அலைந்தவை அப்போது ஒரே புல்வெளியில் கூடும். குஜராத்தின் வேளாவதரில் அப்படி ஆயிரக்கணக்கில் கூடியது உலகப் புகழ் பெற்றது. நம் தென்மாவட்டக் கரிசலில், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம், ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பூனைப்பருந்துகள் இப்படி அடையும் இடங்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள்.

அந்தி எண்ணிக்கை சுலபமல்ல. வந்தவை உடனே புல்லுக்குள் போகாது. பக்கத்து உழவுக்காட்டில் மண்கட்டியோடு மண்கட்டியாக உட்கார்ந்திருக்கும். ஒன்று எழும், அதைப் பார்த்து நாலு எழும், ஒரு சுற்று சுற்றி மூன்று உட்காரும். எண்ணியதையே எண்ணும் ஆபத்து இங்கேதான். இரண்டு பேர் முதுகோடு முதுகாக உட்கார்ந்து, உள்ளே வந்ததை ஒருவரும் எழுந்து வெளியே போனதை ஒருவரும் குறித்தால் ஓரளவு தப்பலாம். ஏட்டில் சாம்பல் ஆணுக்கு இனவாரியாக இரண்டு கட்டம். பழுப்புக்கு இன்னொரு கட்டம், இனம் தெரியாதவை என்ற தலைப்பில். மூன்றாவது கட்டத்தைச் சின்னதாகப் போட்டால் இடம் பற்றாது.

பங்குனியில் அந்தக் கட்டங்களின் அளவு மாறுவதுதான் வசந்தகால எண்ணிக்கையின் சுவாரசியம். கூடு கட்டும் இடத்தைப் பிடிக்க வேண்டியவை முதிர்ந்த ஆண்கள். அவை முன்னதாகக் கிளம்புகின்றன. மாசியில் சாம்பலும் பழுப்புமாக இருந்த கூட்டம் நாளாக ஆகப் பழுப்பேறும். கடைசியில் மிஞ்சுபவை பெரும்பாலும் இளசுகள். கீழே கோடோ புள்ளியோ இல்லாத ஆரஞ்சுப் பழுப்பு வயிறு அவற்றுக்கு.

இந்தக் காடுகளுக்கு வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்று பெயர். தரிசுக்கு எது வந்தாலும் லாபம் என்ற எண்ணத்தில் ஒரு பக்கம் சீமைக்கருவேல் அடைகிறது, மறுபக்கம் சூரியத் தகடுகள் பரவுகின்றன. பக்கத்துக் கமுதியில் 2016இல் தொடங்கிய 648 மெகாவாட் மின்நிலையம் மட்டும் சுமார் 2,500 ஏக்கர். மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தரையில் படுக்கும் பருந்துக்கு மூடிய தரை உதவாது, அவ்வளவுதான். பருத்திக்கு அடிக்கும் மருந்தில் வெட்டுக்கிளி குறைந்தாலும் பருந்தின் பாடு திண்டாட்டம்தான்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. மாலையில் மேற்கே முதுகைக் காட்டி, கிழக்கு பார்த்து உட்காருங்கள். வெயில் உங்கள் தோளைத் தாண்டிப் போய்ப் பறவையின் மேல் விழ வேண்டும். எதிர்வெயிலில் உட்கார்ந்தால் சாம்பலும் பழுப்பும் ஒரே கறுப்பாகிவிடும். சட்டை மண் நிறத்தில் இருக்கட்டும். ஆட்டுக்காரர் யாராவது கரையேறி வந்தால் அவரிடம் இடம் கேளுங்கள். எந்தக் கண்மாயில் கோரை மிச்சமிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.