பின்கட்டைக்கு எண்ணெய் போதும்

வளைகுடாவின் பழைய துப்பாக்கிகளில் வீட்டில் வைத்துச் சீர் செய்ய ஏற்றது மார்ட்டினி-ஹென்றி. 1871இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட இந்த ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் மஸ்கட் துறைமுகத்தில் ஏராளமாக வந்து இறங்கியது. அங்கிருந்து மக்ரான் கரைக்கும் ஆப்கன் எல்லைக்கும் போனவை போக, மீதி ஓமானிலேயே தங்கின. 1912இல் சுல்தான் ஃபைசல் பின் துர்க்கி ஆயுதக் கிடங்கு ஒன்றை ஏற்படுத்திய பிறகுதான் இந்த வியாபாரத்துக்குக் கடிவாளம் விழுந்தது. அதற்கும் முந்தைய திரித்துப்பாக்கியே அழகு என்று வாதாடுவோர் உண்டு. அதன் மெலிந்த கட்டையும் வரிசையான வெள்ளிப் பட்டைகளும் அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அழகு தட்டாருடையது. மார்ட்டினியின் அழகு மரத்தில் இருக்கிறது. அதிலும் லீவருக்கு மேலே உள்ளங்கை பற்றும் அந்த ஒடுங்கிய கழுத்தில் இருக்கிறது. நூறாண்டு வியர்வையும் எண்ணெயும் ஏறிய வால்நட் மரம் அங்கே காட்டும் நிறத்தை எந்தச் சாயக்கடையிலும் வாங்க முடியாது.

குவைத்தின் அப்பாசியாவில் குடியிருக்கும் தமிழருக்கு இப்படி ஒன்று சொந்தமாக வாய்ப்பது அரிது. குவைத்தில் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். கண்ணால் பார்க்க ஜாப்ரியாவின் தாரிக் ரஜப் அருங்காட்சியகச் சேகரிப்பு இருக்கிறது. 1990 படையெடுப்பின்போது வாசலுக்குச் சுவர் எழுப்பி மறைத்துக் காப்பாற்றிய சேகரிப்பு அது. அதிலுள்ள துப்பாக்கிகளைப் பற்றி மட்டுமே ராபர்ட் எல்குட் 1995இல் ஒரு நூல் வெளியிட்டார். கைவேலை என்று வந்தால், உரிமம் உள்ள உரிமையாளர் தம் வீட்டில் தாமே துப்பாக்கியைக் கழற்ற வேண்டும். மரவேலை தெரிந்த தமிழ் ஆசாரியின் யோசனை அவருக்கு வெகுவாக உதவும்.

முதல் வேலை லீவரை இறக்கி அறை காலியா என்று பார்ப்பது. இரண்டாவது, கையில் இருப்பது அசலா என்று பார்ப்பது. கைபர் பக்கத்துப் பட்டறைகள் என்ஃபீல்டு முத்திரையை அப்படியே வெட்டிப் போலிகள் செய்தன. ஆங்கில எழுத்து தெரியாத கை வெட்டியதால் சில எழுத்துகள் இடம் வலம் மாறி நிற்கும். கிரீடத்தின் கீழ் விக்டோரியாவின் பெயரெழுத்துகள், அதன் கீழ் 1906 என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அரசி 1901 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். போலியையும் சீர் செய்யலாம், சுடத்தான் கூடாது.

பின்கட்டையை உள்ளே ஓடும் ஒரே நீண்ட போல்ட்தான் பிடித்திருக்கிறது. கட்டையின் முனையிலுள்ள அடித்தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றினால் அதன் தலை தெரியும். காடிக்குச் சரியாகப் பொருந்தும் அகலமான, நீண்ட ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. சந்தைக்கு வரும் துப்பாக்கிகளில் பாதிக்குத் திருகுத்தலை சிதைந்திருப்பது அவசரக்காரர்களின் கைங்கரியம்.

கட்டை கழன்று வந்ததும் பலருடைய கை உப்புத்தாளைத் தேடுகிறது. வேலை கெடுவது இந்த இடத்தில்தான். பின்கட்டையின் வலப்புறம் தொழிற்சாலை குத்திய வட்ட முத்திரை மரத்தில் ஆழமாக இறங்கியிருப்பதில்லை. நாலு இழுப்பில் போய்விடும். விளிம்புகள் மழுங்கும். இரும்போடு மரம் சேரும் இடத்தில் மரம் தாழ்ந்து இரும்பு துருத்தி நிற்கும். உப்புத்தாள் போட்ட மார்ட்டினியை எட்டி நின்று பார்த்தாலே தெரியும். அழுக்கு எடுக்க டர்பன்டைனில் நனைத்த துணியும், நாலு சைபர் ஸ்டீல் உல்லும் போதும். எண்ணெய் ஊறிக் கறுத்த இடத்தில் சாக்பீஸ் தூளை டர்பன்டைனில் குழைத்து அப்பிக் காயவிட்டால் தூள் பழுப்பாகி எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி அப்பலாம், பொறுமைதான் வேண்டும். பள்ளங்களுக்கு ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் உண்டு. நசுங்கிய நார் ஆவி பட்டதும் உப்பி மேலே வரும். வெட்டுப்பட்ட நார் வராது. வராததை அப்படியே விட்டுவிடுவதே முறை.

அடுத்தது எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் உலர்வது ஆவியாகி அல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகித்தான். அதனால் தடிப்பாகப் பூசினால் மேலே தோல் கட்டி, அடியில் பிசுபிசுக்கும். முதல் பூச்சில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலக்கலாம். அதன் பிறகு சில சொட்டுகள் மட்டும் விட்டு, மரம் சூடேறும்வரை உள்ளங்கையால் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஒரு வாரம் தினமும், ஒரு மாதம் வாரந்தோறும், ஓராண்டு மாதந்தோறும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்பது பழைய துப்பாக்கித் தொழிலாளர் வழக்கம். பாலியூரிதேன் கட்சிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரே நாளில் வேலை முடிகிறதே என்பார்கள். முடிகிறது, மறுப்பில்லை. ஆனால் அந்தப் பூச்சு மரத்தின் மேல் கண்ணாடித் தகடாக உட்கார்ந்துவிடும். கீறினால் வெள்ளைக் கோடு விழும், கை மரத்தைத் தொடவே தொடாது.

குவைத்தில் இந்த வேலைக்குக் காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. தூசி கிளம்பும் நாளில் ஈர எண்ணெய் மேல் மணல் படிந்தால் மறுபடி துடைத்துத் தொடங்க வேண்டியதுதான். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது எந்த ஊரிலும் ஆபத்து. எண்ணெய் இறுகும்போது வெளிவரும் சூட்டில் துணி தானே பற்றிக்கொள்ளும். 2016 ஜூலையில் மித்ரிபாவில் 53.9 டிகிரி பதிவான நாட்டில் அதைச் சொல்லவே வேண்டாம். துணியைத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து அப்புறப்படுத்த வேண்டும்.

இரும்புக்கும் அதே சிக்கனம். எண்ணெயும் ஸ்டீல் உல்லும் செந்துருவை எடுக்கும், அடியிலுள்ள பழைய கருமையை விட்டுவைக்கும். கருமை முற்றும் போய்விட்ட பாகத்துக்கு மட்டும் துருவேற்றிக் கொதிக்கவிடும் பழைய முறை இருக்கிறது. சீராகத் துருப்பிடிக்க வைத்த இரும்பைக் கொதிநீரில் இறக்கினால், செம்பொடி கண்முன்னே வெல்வெட் கறுப்பாக மாறும். தேய்த்துவிட்டு மறுபடி துருவேற்றி மறுபடி கொதிக்கவிட, கறுப்பு ஆழமாகும். காஸ்டிக் உப்புகளைக் காய்ச்சிச் செய்யும் முறை வீட்டுக்கு ஆகாது. குப்பியில் வரும் குளிர்ச்சாயம் சில மாதத்தில் தேய்ந்துபோகும். குரோம் பூசியவர்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நாகரிகம்.

ஓமானில் வெள்ளி கட்டிய மார்ட்டினியும் கிடைக்கும். மரியா தெரேசா நாணயங்களை உருக்கி வெள்ளி வேலை செய்த நாடு அது. அந்தப் பட்டையை நம் வீட்டு விளக்கைத் துலக்குவதுபோல் விபூதியால் மெல்லத் தேய்த்தால் போதும், பள்ளத்துக் கறுப்பு அப்படியே இருக்கட்டும். பித்தளைக்குப் புளி நல்லதுதான், இரும்பின் பக்கத்தில் அதைக் கொண்டுபோகக் கூடாது.

இத்தனைக்கும் ஆகும் செலவு எண்ணெய், டர்பன்டைன், ஸ்டீல் உல், துணி. ஷுவைக் ஹார்டுவேர் கடைகளில் எல்லாம் கிடைக்கும், பாலிஷ் பட்டறைக்குக் கொடுப்பதில் சிறு பங்குகூட ஆகாது. ஆனாலும் சந்தைக்கு வரும் துப்பாக்கிகள் ஆண்டுக்கு ஆண்டு பளபளப்பாகிக்கொண்டே போகின்றன, முத்திரைகள் மங்கிக்கொண்டே வருகின்றன. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வளைகுடாவின் அர்-ரஸ்ஃபா ஆட்டத்தில் இப்போது சுழல்வது மரத்தில் செய்த மாதிரித் துப்பாக்கி. பாதுகாப்புக்கு அது சரியே. ஆனால் அந்த மாதிரியின் வார்னிஷைப் பார்த்துப் பழகிய கண், அசலும் அப்படித்தான் மின்ன வேண்டும் என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டது.

வேலை முடிந்த துப்பாக்கியைத் தோலுறையில் வைக்கக் கூடாது, தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் தின்னும். பூட்டிய அலமாரியில் குழல்வாய் கீழாக நிறுத்த வேண்டும். அப்போதுதான் இரும்பில் இட்ட எண்ணெய் வழிந்து கட்டையின் கழுத்தில் இறங்காது.