சேதி போய்ச் சேராத தூரம்

சென்ற வருடம் என் சித்தி மகளுக்கு இரண்டு இடங்களில் வேலை கிடைத்தது. ஒன்று மதுரையில், இன்னொன்று பெங்களூரில். பெங்களூரில் மாதம் ஆறாயிரம் கூடுதல். ஆனால் விடுதிக் கட்டணத்தையும் சாப்பாட்டையும் கழித்தால் கையில் நிற்பது மதுரைச் சம்பளத்தைவிடக் குறைவு. மதுரை என்றால் வில்லாபுரத்தில் அத்தை வீடு இருக்கிறது, வாடகை கிடையாது. பேரையூரிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். "நீயே சொல்லுப்பா, உனக்குத்தான் எல்லா ஊரும் தெரியும்."

பன்னிரண்டு வருடங்களாக சென்னையிலும் பெங்களூரிலும் குப்பை கொட்டுகிறவன் நான். மனசுக்குள் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து கூட்டிக் கழித்துப் பார்த்தேன். "மதுரையே போதும் சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரியே அவள் கூப்பிட்டாள். "அண்ணே, நீங்க ஏன் மதுரையில இருக்கல?"

"அப்ப அங்க வேலை இல்லம்மா."

"இப்ப இருக்குல்ல? வந்துருங்களேன்."

நான் பதில் சொல்லவில்லை. அவளே சொன்னாள். "மதுரையில நான் யாரோடயாச்சும் ஒரு டீக்கடையில நின்னா, டீயக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அப்பாவுக்குச் சேதி போயிரும். அதான்ணே."

இளைஞர்களுக்கு உகந்த நகரம் எது என்று பத்திரிகைகள் அவ்வப்போது பட்டியல் போடுகின்றன. சம்பளம், வாடகை, மெட்ரோ ரயில், வார இறுதிக் கொண்டாட்டம் என்று கட்டம் கட்டி மதிப்பெண் தருகிறார்கள். அவள் சொன்ன அளவுகோல் அந்தக் கட்டங்கள் எதிலும் இல்லை. நம் புனைவுகளில் இருக்கிறதா என்று தேடினேன். ஊரைவிட்டு நகரத்துக்குப் போனவர்களின் கதை தமிழில் ஏராளம். ஆனால் நகரம் அவர்களை என்ன செய்தது என்று சொல்லுமளவுக்கு, அவர்கள் ஏன் போனார்கள், போன பிறகும் ஏன் திரும்பவில்லை என்பதை அவை சொல்வதில்லை. வறுமை துரத்தியது, நகரம் விழுங்கியது என்ற இரண்டு வரியில் அந்தக் கேள்வி முடிந்துபோகிறது.

இந்தக் கேள்வியோடு திரும்பப் படிக்கும்போது முதலில் நிற்பவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, மதுரையில் படித்து, 1938இல் வேலைக்காக சுமத்ராவின் மெடானுக்குக் கப்பலேறியவர். பதினெட்டு வயது. இன்றைக்கு என் சித்தி மகள் பெங்களூருக்கு பஸ் ஏறுவதற்கும் அதற்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசமில்லை. அன்றைக்கு அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு மெடானும் பினாங்கும்தான் பெங்களூர்.

'கடலுக்கு அப்பால்' நாவலில் பினாங்கு வட்டிக்கடையில் வேலை பார்க்கும் செல்லையா, முதலாளி வானாயீனாவின் மகள் மரகதத்தை விரும்புகிறான். இரண்டாம் உலகப்போர் வருகிறது, அவன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். திரும்பி வந்தவனுக்குப் பெண் தர வானாயீனாவுக்கு மனமில்லை. பட்டாளத்துக்குப் போனவன் கடைக்கு ஆகமாட்டான் என்பது அவர் கணக்கு. காதல் தோல்விக் கதை என்றே இதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு இப்போது வேறொன்று படுகிறது. கடல் தாண்டிப் போன செல்லையா ஊரைத் தாண்டவில்லை. வேலை கொடுப்பவர், சோறு போடுபவர், படுக்க இடம் தருபவர், கல்யாணத்தை முடிவு செய்பவர் எல்லாம் ஒரே ஆள். ஊர், கப்பலில் அவனோடு கூடவே வந்து கடை போட்டு உட்கார்ந்திருக்கிறது.

வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) இதே அமைப்பை அறுபது வருடம் கழித்து ரங்கநாதன் தெருவில் காட்டியது. தென்மாவட்டத்துப் பையன்களையும் பெண்களையும் ஊரிலேயே தேர்ந்தெடுத்துக் கூட்டி வருகிறார்கள். கடையே வேலை, கடையே சாப்பாடு, கடையே படுக்கை. காதலித்தால் சூப்பர்வைசர் அடிக்கிறார், வேலை போகிறது. அந்தப் படத்தை நகரத்தின் கொடூரம் என்றுதான் அப்போது எல்லோரும் எழுதினோம். நானும் கல்லூரி விடுதியிலிருந்து ஒரு நீண்ட பதிவு எழுதினேன். இன்று பார்க்கும்போது, ஜோதிலிங்கத்தையும் கனியையும் உள்ளே வைத்து நசுக்குவது நகரம் என்று எனக்குத் தோன்றவில்லை. நகரத்துக்கு நடுவில் சுவர் எழுப்பிக் கட்டப்பட்ட ஒரு கிராமம் அது. வானாயீனாவின் கடைக்குப் பல மாடிகள் முளைத்திருக்கின்றன, அவ்வளவுதான். அவர்கள் இருவரும் முதன்முதலாக நகரத்துக்குள் நுழைவது, கடையைவிட்டுத் துரத்தப்பட்டு நடைபாதைக்கு வரும் அன்றைக்குத்தான். அந்த ராத்திரியே அவர்கள் மேல் வாகனம் ஏறுகிறது. படத்தின் மீது எனக்குள்ள குறை இங்கே இருக்கிறது. யாரும் கண்காணிக்காத ஒரு இரவைக்கூட அது அவர்களுக்குத் தரவில்லை. சுதந்திரம் வந்ததும் விபத்து என்பது கதைக்கு வலு சேர்க்கலாம். பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கோ, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்ல வசதியாகவும் போகிறது.

விநாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை' என் தொழிலைப் பற்றிய நாவல் என்பதால் சொல்லியாக வேண்டும். ஐ.டி. வேலையின் நெருக்கடிகளை, அந்தச் சாலைக்காக நிலம் போனவர்களை அது எழுதியது முக்கியம். நானும் அந்தச் சாலையில் நான்கு வருடம் இருந்தேன். அதில் வரும் மன அழுத்தமும் உறவுச் சிதைவும் பொய்யில்லை. ஆனால் இவ்வளவு நரகமென்றால், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் மாட்டுத்தாவணியில் அத்தனை பிள்ளைகள் ஏன் பையோடு நிற்கிறார்கள் என்ற கேள்விக்கு நாவலுக்குள் விடை இல்லை.

சம்பளம் ஒரு விடை. அது முழு விடையில்லை என்று 2020இல் தெரிந்துகொண்டேன். ஊரடங்கில் லேப்டாப்போடு ஊருக்கு வந்தேன். அதே சம்பளம், அம்மா சமையல், கரிசல் காட்டைப் பார்த்த ஜன்னல். கணக்குப்படி சொர்க்கம். நான்காவது மாதம் மூச்சு முட்டியது. வாசலில் செருப்பைப் போட்டாலே "எங்க கிளம்பிட்ட?" என்று மூன்று வீட்டிலிருந்து குரல் வரும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பிரியத்தில் கேட்பதுதான். இருந்தாலும் ஒரு நாளில் பத்துத் தடவை, நான் இன்னாருடைய மகன் என்று நினைவூட்டப்படுவதில் ஒரு களைப்பு இருக்கிறது. அந்தக் களைப்புக்கு எதிர்ப்பதம்தான் எனக்கு நகரம். பெங்களூர் திரும்பிய முதல் நாள், பக்கத்து அறைக்காரன் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

நகரமும் எல்லோரையும் விட்டுவிடுவதில்லை. வாடகைக்கு வீடு தேடும்போது "நீங்க வெஜ்தானே?" என்ற கேள்விக்குப் பின்னால் நிற்கும் கேள்வி எதுவென்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே ஒரு வீட்டில் மறுத்தால் அடுத்த தெருவில் கேட்கலாம். ஊரில் அடுத்த தெரு என்பதே ஒரு சாதி.

அப்படியென்றால் யாரும் கேட்காத நகரமாக மதுரை இருந்ததே இல்லையா? இருந்திருக்கிறது. சிங்காரம் 1946இல் இந்தியா திரும்பினார். மெடானில் பிரசவத்தின்போது மனைவியையும் குழந்தையையும் இழந்தவர். மதுரை தினத்தந்தியில் வேலைக்குச் சேர்ந்து, ஒய்.எம்.சி.ஏ. அறை ஒன்றில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தனியாக வாழ்ந்தார். சொந்த ஊர் பஸ்ஸில் போய்விடும் தூரத்தில்தான் இருந்தது. 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில் மெடானில் இருக்கும் பாண்டியனின் மனம் மதுரையின் வீதிகளில் அலைகிறது. அவன் கடைசிவரை ஊர் திரும்புவதில்லை. அவனைப் படைத்தவரோ திரும்பினார், ஆனால் ஊருக்குப் போகாமல் மதுரையின் ஓர் அறைக்குத் திரும்பினார். ஒரு ஆண், காரணம் சொல்லாமல், தனியாக இருந்துகொள்ள மதுரை அவருக்கு இடம் கொடுத்தது.

ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே'யிலும் (1974) அந்த இடம் உண்டு. கந்தனிடம் நீ யார் மகன் என்று யாரும் கேட்பதில்லை. ஒரே ஒரு நாளுக்குள் நகரத்தில் அவன் போய்வருகிற எல்லா இடத்துக்கும் நாமும் போகிறோம். நகரத்தைத் தண்டனையாகவோ வரமாகவோ ஆக்காமல், இருக்கிறபடி எழுதியதில் நாகராஜனுக்கு இணை குறைவு. ஆனால் அந்த நகரத்தில் அதே விடுதலை ஒரு பெண்ணுக்கு வரும்போது அவளுக்கு விலை வந்துவிடுகிறது. கந்தனின் மனைவி மீனாவைப் பாருங்கள். ஊரின் கண்ணுக்கு வெளியே நிற்கும் பெண் என்றாலே தொழிலுக்கு வந்தவள் என்ற நிலை. இது நாகராஜன் செய்த அநீதி இல்லை, அவர் பார்த்த நகரம் அப்படி. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் சாயா அக்காவோடு பிணங்கிக்கொண்டு பெண்கள் விடுதிக்குப் போகிறாளே, அந்தச் சிறு நகர்வு தமிழில் எவ்வளவு அபூர்வமானது என்று இப்போதுதான் உறைக்கிறது. வேலைக்குப் போகிற ஒரு பெண், ஓடிப்போகாமல், கெட்டுப்போகாமல், வெறுமனே இடம் மாறுகிறாள். கோபம் வந்தால் போய்த் தங்க ஓரிடம் இருக்கும் ஊருக்குப் பெயர்தான் நகரம்.

இந்த இடத்தில் என் எக்செல் ஷீட் எவ்வளவு அபத்தம் என்பது புரிந்தது. சிங்காரம் மதுரையில் கண்ட தனிமையை என் தங்கச்சி பெங்களூரில்தான் காண முடியும். தூரம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆண் பிள்ளைக்கு திருமங்கலம் தாண்டினாலே ஓரளவு போதும். பெண் பிள்ளைக்கு மாநில எல்லையைத் தாண்டவேண்டியிருக்கிறது. 2021இல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபோது அவளுடைய உலகம் சில கிலோமீட்டர் விரிந்தது. அரசின் தோழி விடுதிகள் இன்னும் கொஞ்சம் விரிக்கும். மாட்டுத்தாவணியில் டைடல் பூங்கா என்று 2022இல் அறிவித்தார்கள். வரட்டும், மதுரைக்கு வேலை வேண்டும். ஆனால் கட்டடம் வந்தாலும், பெண் ஒருத்தி டீக்கடையில் நிற்பதைப் போனில் சொல்லும் அந்தப் பெரியப்பாக்கள் இருக்கும்வரை, ஞாயிறு ராத்திரி பஸ் நிரம்பித்தான் போகும்.

மறுநாள் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். "பெங்களூர் கம்பெனிதான் நல்லது சித்தப்பா, பின்னாடி வளர்ச்சி இருக்கும்" என்றேன். உண்மைக் காரணத்தைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. முப்பத்தைந்து வயதில் நானும் அந்த ஊர்க்காரன்தான்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்த ஏரியால நம்ம ஊர்க்காரங்க யாராச்சும் இருக்காங்களாப்பா? ஒரு கண்ணு பாத்துக்கிருவாங்கல்ல."

அவள் விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் ஊர்ப் பையன்கள் நாலு பேர் ரூம் எடுத்திருக்கிறார்கள். போன தீபாவளிக்குக்கூட அவர்களோடுதான் ஊருக்கு வந்தேன்.

"யாரும் இருக்கிற மாதிரி தெரியல சித்தப்பா" என்றேன்.