சித்தன்னவாசல் மீன்களும் விரியும் அண்டமும்: தன்மாத்திகாய ஒப்பீட்டின் எல்லை

சித்தன்னவாசல் அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளமும் அதில் நீந்தும் மீன்களும் தீட்டப்பெற்றுள்ளன. சமவசரணத்தின் காதிகா பூமியாக ஆய்வாளர் இதனை விளக்குவர். சமண மெய்யியலில் மீனுக்கு வேறோர் இடமும் உண்டு. இயக்கத்திற்குத் துணையாகும் தன்மாத்திகாயம் மீனுக்கு நீர் போன்றது. நிலைபேற்றுக்குத் துணையாகும் அதன்மாத்திகாயம் வழிப்போக்கனுக்கு நிழல் போன்றது என்பது அம்மரபின் உவமை. (ஓவியன் அவ்வுவமையைக் கருதினான் என்பதற்குச் சான்றில்லை.)

ஜி. ஆர். ஜெயின் முன்னதை ஈதரோடும் பின்னதை ஈர்ப்போடும் இணைத்தார். ஈதர் கொள்கை வீழ்ந்தது. அண்ட விரிவு முடுக்கம் பெறுவது 1998இல் அறியப்பட்டபின், காலியான அவ்விடத்தில் இருண்ட ஆற்றலை அமர்த்தும் ஆசை எழக்கூடும். அது பொருந்தாது. நீர் மீனைத் தள்ளுவதில்லை. நீந்தும் மீனுக்குத் துணைநிற்கிறது, அவ்வளவே. முடுக்கத்திற்கோ காரணம் வேண்டும். மேலும், சமணர் கூறும் உலகம் அளவில் மாறாதது.

இயற்பியலும் இவ்விரட்டைப் பகுப்புக்கு இடந்தராது. பொதுச் சார்பியலில் அடர்த்தியோடு அழுத்தமும் ஈர்ப்பை விளைவிக்கிறது. ஆற்றல் அடர்த்தியின் மூன்றில் ஒரு பங்கினும் மிகுந்த எதிர்ம அழுத்தமுடைய ஒன்று அண்டத்தில் மேலோங்கினால், ஈர்ப்பே விலக்கமாகச் செயற்படும். ஈர்ப்பு விதியையே பேரளவில் திருத்தி முடுக்கத்தை விளக்க முயல்வோரும் உளர். சுமார் 13 கோடி ஒளியாண்டுகள் கடந்து, ஈர்ப்பலையும் காமாக் கதிரும் 1.7 நொடி இடைவெளியில் வந்தடைந்த 2017ஆம் ஆண்டு நிகழ்வு அத்திருத்தங்களுள் பலவற்றை விலக்கிற்று; எல்லாவற்றையும் அன்று.

மணிமேகலையில் நிகண்டவாதி இவ்விரண்டையும் காலம், ஆகாயம், சீவன், பரமாணு ஆகியவற்றோடு ஒருங்கே எண்ணுகிறான். பௌத்தக் காப்பியம் ஒன்று சமணரின் இப்பட்டியலை எவ்வளவு மாற்றாமல் தந்துள்ளது என்பதே தமிழாய்வு முதலில் தீர்க்கவேண்டிய வினா.