விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றால்

"புது சிஸ்டம் ஆன் ஆகலைண்ணே" என்று வந்து நிற்கும் பையனுக்குத் தேர்ந்த மெக்கானிக் ஆறுதல் சொல்வதில்லை. "ஃபேன் சுத்துச்சா?" என்று மட்டும் கேட்பார். "லேசா அசைஞ்சிட்டு நின்னுடுச்சு" என்று பதில் வந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்தது. விசிறி அசையவே இல்லை என்றால் ஒரு கோளாறு. அரைச்சுற்று சுற்றி நின்றால் வேறொன்று. ஓயாமல் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை என்றால் இன்னொன்று. ஆலாபனையின் முதல் பிடியிலேயே ராகத்தைச் சொல்லிவிடும் பழைய சபா ரசிகரைப் போல, அந்த ஒரு வினாடி அசைவை வைத்தே எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அவர் தீர்மானித்துவிடுவார்.

சென்னை ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் இந்தக் கலையைக் காசு கொடுக்காமல் நின்று பார்க்கலாம். கம்ப்யூட்டர் கட்டுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிராசசரைப் பேசுகிறார்கள், கிராபிக்ஸ் கார்டைப் பேசுகிறார்கள், கண்ணாடிக் கேபினெட்டுக்குள் மின்னும் விளக்குகளைப் பேசுகிறார்கள். எல்லாம் மாட்டி முடித்து, பட்டனை அழுத்தி, ஒன்றுமே நடக்காத அந்த வேளையை ரசிக்க ஆளில்லை. எனக்குப் பிடித்தது அதுதான். ஒழுங்காக ஓடும் இயந்திரம் தன் உள்விவகாரம் எதையும் சொல்வதில்லை. ஓடாதபோதுதான் எது எதற்காகக் காத்திருக்கிறது என்பது தெரியவருகிறது.

அந்தக் காத்திருப்பில் ஒரு வரிசை இருக்கிறது. 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பிருந்த ஏ.டி. பெட்டிகளில் சுவரிலிருந்து வரும் மின்சாரமே முன்பக்க சுவிட்ச் வரை வந்து போகும். மதர்போர்டுக்குப் போகும் இரண்டு கனெக்டர்களையும் கறுப்பு ஒயர்கள் நடுவில் சேரும்படி மாட்டவேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு போச்சு. ஏ.டி.எக்ஸ். வந்த பிறகு பட்டன் எதையும் ஆன் செய்வதில்லை, விண்ணப்பம் மட்டும் போடுகிறது. சுவர் சுவிட்சைப் போட்டதுமே, மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஊதா ஒயரில் 5 வோல்ட் வந்து உட்கார்ந்துவிடும். நாம் தூங்கும்போதும் அது விழித்திருக்கும். பட்டனை அழுத்தினால் போர்டு பச்சை ஒயரைக் கறுப்பு ஒயரின் மட்டத்துக்கு இழுக்கிறது. உடனே மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 எழுகின்றன. பிராசசர் அப்போதும் வேலையைத் தொடங்காது. எஸ்.எம்.பி.எஸ். தன் மின்னழுத்தங்கள் நிலைத்துவிட்டனவா என்று பார்த்து, 100 முதல் 500 மில்லிவினாடிக்குள் சாம்பல் ஒயரில் சம்மதம் சொல்லவேண்டும். அந்தச் சம்மதம் வந்த பிறகுதான் போர்டு பிராசசரை ரீசெட்டிலிருந்து விடுவிக்கிறது.

இதில் நான் மெச்சுவது அந்தச் சாம்பல் ஒயரை. மின்சாரம் வந்துவிட்டது என்பது ஒரு செய்தி, நல்ல மின்சாரம் வந்திருக்கிறது என்பது வேறு செய்தி என்று புரிந்துகொண்டு, இரண்டாவதற்கென்றே ஓர் ஒயரை ஒதுக்கியிருக்கிறார்கள். 12 வோல்ட் என்றால் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்கவேண்டும். 5 வோல்ட் என்றால் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில். (இப்போது வரும் பல எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லா ஒயரும் கறுப்பு. பார்க்க அழகுதான், மல்டிமீட்டரோடு நிற்பவருக்குத்தான் எரிச்சல். நிறம் இல்லாவிட்டால் கனெக்டரில் இடத்தை எண்ணித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.)

விசிறி அசையவே இல்லை என்றால் பெரும்பாலும் விண்ணப்பமே போய்ச் சேரவில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முதுகில் இருக்கும் சின்ன சுவிட்ச் பூஜ்யத்தில் இருக்கும். சிரிப்பாக இருந்தாலும் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். அடுத்தது போர்டின் கீழ் ஓரத்தில், படிக்கவே முடியாத எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஊசிகள். கேபினெட் பட்டனின் ஒயர் அங்கே இடம் மாறி உட்கார்ந்திருக்கும். மெக்கானிக் அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, பவர் சுவிட்சுக்குரிய இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொடுவார். சிஸ்டம் எழுந்துவிட்டால் குற்றம் பட்டன் மேல். எழாவிட்டால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியே எடுத்து, 24 முள் கனெக்டரில் பச்சையையும் கறுப்பையும் வளைத்த ஜெம் கிளிப்பால் இணைத்துப் பார்ப்பார். விசிறி சுற்றினால் "எஸ்.எம்.பி.எஸ். நல்லாருக்கு" என்று சொல்லிவிடுகிறவர் அரைகுறை. சுமையே இல்லாமல் எழுந்து நிற்பது பெரிய காரியமில்லை. சுமை ஏறும்போது 12 வோல்ட் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் கேள்வி. சூடு ஏறாமல் விசிறியைச் சுற்றவிடாத நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களும் உண்டு. அவற்றை அசையவில்லை என்று தூக்கிப்போட்டவர்கள் இருக்கிறார்கள்.

அரைச்சுற்று சுற்றி நின்றுவிடுவது எனக்கு மிகவும் பிடித்த கோளாறு. பார்ப்பவருக்கு எஸ்.எம்.பி.எஸ். செத்துவிட்டது போலத் தோன்றும். அது தன் கடமையைச் செய்ததன் அடையாளமே அந்த அரைச்சுற்று. எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது, அதைக் கண்ட கணத்தில் தன்னை நிறுத்திக்கொண்டது. பிறகு எத்தனை முறை பட்டனை அழுத்தினாலும் சில எஸ்.எம்.பி.எஸ். அசையாது; சுவர் சுவிட்சை அணைத்துச் சற்று நேரம் விட்டால்தான் கோபம் தணியும். முதல்முறை கட்டுகிறவர் வீட்டில் ஷார்ட்டுக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு பித்தளைத் தாங்கி. போர்டுக்கு அடியில், அதன் துளை எதற்கும் நேரே வராத இடத்தில், தேவையில்லாத தாங்கி ஒன்றை முறுக்கி வைத்திருப்பார்கள். அது போர்டின் முதுகில் இருக்கும் ஈயப் பற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இன்னொரு காரணம் இதைவிடக் கொடியது. கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் ஒரு கம்பெனி மாடுலர் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வேறு கம்பெனியின் கேபிளை மாட்டுவது. இரண்டும் ஒரே அச்சாகப் பொருந்தும், எஸ்.எம்.பி.எஸ். பக்கத்தில் ஒயர் வரிசை மட்டும் வேறாக இருக்கும். அப்படி மாட்டினால் ஹார்டு டிஸ்க்கையும் எஸ்.எஸ்.டி.யையும் ஒரே அழுத்தில் இழக்கலாம்.

ஷார்ட்டைத் தேடும் விதத்தில்தான் கைத்திறன் தெரியும். தேர்ந்தவர் எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை, கழற்றிக்கொண்டே போவார். போர்டைக் கேபினெட்டிலிருந்து எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைப்பார். அதன் மேல் பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், இரண்டு மின் இணைப்பு, அவ்வளவுதான். இந்த நிலையில் எழுந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பார். எதைச் சேர்த்ததும் படுக்கிறதோ அது அகப்பட்டது. அவசரக்காரர் இதற்குப் பதிலாக எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றுவார், போர்டை மாற்றுவார், கடைசியில் ஏதோ ஒன்றால் ஓடிவிடும், எதனால் என்று அவருக்கே தெரியாது. அதை நான் பழுது பார்ப்பது என்று சொல்லமாட்டேன்.

விசிறி சுற்றுகிறது, டிஸ்பிளே மட்டும் வரவில்லை என்ற புகாருக்குக் காரணங்கள் ஏராளம். பிராசசருக்கென்று போர்டின் மேல்மூலையில் தனியாக இருக்கும் 8 முள் கனெக்டரை மறந்திருப்பார்கள்; கூலரின் நிழலில் அது கண்ணில் படாது. அல்லது கிராபிக்ஸ் வசதி இல்லாத, பெயர் 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசசரை வாங்கிவிட்டு மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகியிருப்பார்கள். ராம் ஒரு பக்கம் மட்டும் அமர்ந்திருக்கும். ராமைக் கழற்றி அதன் தங்கப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துப் போடுவது நம்மூர் மெக்கானிக்கின் கைமருந்து. பழைய சிஸ்டங்களில் அது பலித்ததும் உண்மை, பெட்டி பிரித்த புது ராமுக்கு அது தேவையில்லை. டி.டி.ஆர். 5 ராம் போட்ட போர்டுகள் முதல்முறை எழும்போது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். திரை இருண்டிருக்கும், விசிறி சுற்றும். பயந்துபோய் அணைத்துவிட்டால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இந்த இடத்தில் மட்டும் ஒன்றும் செய்யாமல் டீ குடிக்கப் போவதுதான் திறமை.

வீட்டு மின்சாரத்தையும் விட்டுவிட முடியாது. கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுரீரென்கிறதே, எஸ்.எம்.பி.எஸ். லீக்கா என்று பலர் கேட்பார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றின் நடுப்புள்ளி கேபினெட்டோடு சேர்ந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் சொற்ப மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி தகரத்தின் மேல் வந்து நிற்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றி இதைத் தீர்க்க முடியாது, எலெக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடவேண்டும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகும் பழக்கத்தையும் விடவேண்டும். விளையாட்டின் நடுவில் பட்டென்று அணைந்துவிடும் சிஸ்டத்தில் பலமுறை குற்றவாளி யு.பி.எஸ்.தான். நாம் வழக்கமாக வாங்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும்.

எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாட்டைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். 450 என்று மேலே போட்டு, கீழே 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்றிருந்தால், பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் உண்மையில் கிடைப்பது 192 வாட்.

எல்லாவற்றையும் கழற்றிப் பாருங்கள், எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இருக்கும். பழுது அங்கேதான் என்று உறுதியானால், பில்லோடு வாரண்டிக்குக் கொடுத்துவிடுங்கள்.