ஒத்திகைக் கூடத்தின் பங்கு

சீனப் பேச்சு நாடகத்தின் கதையைச் சொல்பவர்கள் 1907இல் டோக்கியோவில் சீன மாணவர்கள் போட்ட நாடகங்களில் தொடங்கி, சாவ் யூ, லாவ் ஷ என்று ஆசிரியர்களை வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். அந்த வரிசை பாதி உண்மைதான். பாட்டும் தாளமும் கோலோச்சிய மண்ணில் வெறும் பேச்சைக் காலூன்ற வைத்ததில் ஒத்திகைக் கூடத்துக்கே பெரும் பங்கு.

1923இல் ஷாங்காயில் ஒரு நாடகக் குழுவில் இயக்குநர் ஹோங் ஷென் செய்ததைப் பாருங்கள். ஒரே மாலையில் இரண்டு நாடகங்கள். முதலாவதில் பெண் வேடங்களுக்குப் பெண்களே. அடுத்ததில், பழைய வழக்கப்படி, ஆண்கள். முதலாவதைப் பார்த்த கண்களுக்கு இரண்டாவது சிரிப்பை வரவழைத்தது. ஆண்கள் பெண் வேடம் கட்டும் வழக்கத்தை அக்குழு அதோடு கைவிட்டது. எந்தக் கட்டுரையும் சாதிக்காததை நிகழ்ச்சி நிரல் சாதித்தது.

பெய்ஜிங் மக்கள் கலை அரங்கம் 1958இல் மேடையேற்றிய ‘தேநீர்க்கடை’ இன்னும் வலுவான சான்று. லாவ் ஷ முதலில் எழுதி வந்தது அரசியலமைப்பு முயற்சிகளைப் பற்றிய வேறொரு நாடகம். அதில் ஒரு தேநீர்க்கடைக் காட்சிக்குத்தான் உயிர் இருந்தது. அதையே முழு நாடகமாக விரிக்கச் சொன்னார்கள் இயக்குநர் ஜியாவ் ஜூயினும் அரங்கத்தாரும். இறுதியில் மூன்று கிழவர்கள் தங்களுக்கே ஈமக் காகிதக் காசு இறைத்துக்கொள்வார்கள். நெஞ்சை அடைக்கும் அந்தக் காட்சிக்கு யோசனை தந்தவர், கடைக்காரராக நடித்த யூ ஷிஜி. அவர் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னவரல்லர். ஜியாவின் முந்தைய நாடகம் ஒன்றுக்காக, தான் ஏற்ற பாத்திரத்தின் வாழ்க்கை வரலாற்றையே எழுதிப் பார்த்தவர். அப்படி உழைத்த நடிகருக்கு ஆசிரியரிடம் பேசும் உரிமை உண்டு.

இதனால் லாவ் ஷ சிறுத்துவிடவில்லை. அவர் நாடகத்தில் இரண்டு வரி பேசிப் போகிறவர்கூட எந்தத் தெரு, என்ன பிழைப்பு என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. மக்கள் பேச்சைப் பிடிக்கும் அந்தச் செவி ஒத்திகையில் கிடைப்பதல்ல.

ஆசிரியரும் இயக்குநரும் மறைந்த பின், 1979இல் பழைய நடிகர்களே நாடகத்தை மீட்டெடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்கும் கொண்டுபோனார்கள். பெரிய தொண்டு அது. ஆனால் 1999இல் இயக்குநர் லின் ஜாவ்ஹுவா புதிதாக அமைத்துப் பார்த்ததை விட்டுவிட்டு, 2005இல் அரங்கம் ஜியாவின் பழைய அமைப்புக்கே திரும்பியதை என்னால் ஏற்க முடியவில்லை. எழுதி வந்த பிரதியையே கலைத்துப் போடச் சொன்ன இயக்குநர் ஜியாவ். அவருடைய மேடை அமைப்பைக் காத்தவர்கள் அவருடைய வேலைமுறையைக் கைவிட்டார்கள்.